டத்தோ கெராமட் சாலையில் ஒரு தட்டு அர்ச்சனை

தைப்பூசம் என்றால் எங்கள் வீட்டில் பத்துமலைதான். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் இரவு, விடிய விடிய நடை, அப்புறம் 272 படிகள், எல்லாம் பழகிய வழி. இந்த வருடம் அம்மா, "பினாங்குக்குப் போகணும்" என்றார். அவர் பிறந்த ஊர். அப்பாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் தண்ணீர்மலையானுக்கு, அதாவது அந்த ஊர் மலைமேல் இருக்கும் முருகனுக்கு, தட்டு வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். இப்போது அப்பா வீட்டுக்குள் தடியில்லாமல் நடக்கிறார்.

அம்மாவுக்கு எழுபது வயது. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. தண்ணீர்மலை உச்சியிலுள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கோ 513 படிகள். "எப்படிம்மா ஏறுவீங்க?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு ஏறணும்? முதல் நாளே அவன் தெருவுக்கு வந்துடுவானே."

பினாங்கில் தைப்பூசத்துக்கு முந்தின நாளைச் செட்டிப்பூசம் என்பார்கள். வட்டித்தொழில் செய்ய வந்த நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி (தொழில் நடத்தும் இடம்) வைத்திருந்த காலத்து வழக்கம் அது. அந்தத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் காலையிலேயே கிளம்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர்மலை அடிவாரத்தில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேருவார். அந்தக் கோயில் 1857-இல் கட்டி முடிந்தது. ரதம் 1894-இல் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்தது. இன்றும் அதே ரதம்தான்.

கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ரயிலேறி, நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக உட்கார்ந்து பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் கடலைத் தாண்டினோம். தைப்பூச வாரத்தில் போகிறவர்கள் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தங்கும் இடமும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் டத்தோ கெராமட் சாலையில் ஒரு கடையோரம் இடம் பிடித்தோம். அம்மா சின்ன வயதில் நின்று பார்த்த அதே சாலை. ரதம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பந்தலிலும் நிற்கும், தட்டு நீட்டுகிற ஒவ்வொருவருக்கும் அர்ச்சனை நடக்கும். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். மோர், பானகம், சுண்டல், எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கடைக்குச் சொந்தக்காரரான சீனப் பெரியவர் அம்மா நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "ஆன்ட்டி, டூடோக், டூடோக்" என்று மலாயில் உட்காரச் சொன்னார். அவர் கடை வாசலிலேயே தேங்காய் மலைபோலக் குவிந்திருந்தது. எல்லாம் அவர் வீட்டு நேர்த்திக்கடன்.

அந்தத் தேங்காய் உடைப்பதை வார்த்தையில் சொல்வது கஷ்டம். ரதம் தூரத்தில் தெரிந்ததும் பெரியவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊதுபத்தி கொளுத்தி, குவியலின் முன் கண்மூடி நின்றார்கள். பிறகு குவியலைச் சுற்றி நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தலைக்கு மேல் தூக்கித் தார்ச்சாலையில் ஓங்கி அடித்தார்கள். பக்கத்துப் பந்தலில் நம்மவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். காதில் வேறு எதுவும் விழவில்லை. இளநீர் வாடையும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து அடித்தன. தேங்காய்த் தண்ணீர் ஓடையாக வந்து என் பாதத்தை நனைத்தது. முகத்திலும் சட்டையிலும் ஓட்டுத் துணுக்குகள் தெறித்தன. அது முடிந்த கையோடு இளைஞர்கள் மண்வெட்டியோடு பாய்ந்து சிதறலை ஓரத்துக்குத் தள்ளி வழிவிட்டார்கள். ஈரச் சாலையில்தான் ரதம் வர வேண்டும், அதுதான் முறை.

மாடுகள் இழுக்க ரதம் மெதுவாக வந்து எங்களுக்கு நேரே நின்றது. வெயிலில் வெள்ளித் தகடுகள் கண்ணைக் கூசச் செய்தன. உள்ளே மாலைகளுக்கு நடுவில் முருகன் முகம் மட்டும் தெரிந்தது. அம்மா நாற்காலியைவிட்டு எழுந்து, யார் கையையும் பிடிக்காமல், தட்டைத் தலைக்கு மேல் தூக்கினார். இரண்டு வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்பூரம், வீட்டுச் செடியில் பறித்து ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்த கொஞ்சம் மல்லிகை. மேலிருந்த குருக்கள் குனிந்து வாங்கினார். அம்மா அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னார். அந்தச் சத்தத்தில் குருக்களுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ. கற்பூரம் காட்டி, திருநீறும் பூவுமாகத் தட்டு திரும்பி வந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

2017 முதல் தங்க ரதமும் ஊர்வலம் வருகிறது. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்து வருவது அது. 1833-இல் எழுந்த கோயில் அது, பினாங்கு போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். தங்க ரதத்தையும் கும்பிட்டோம். ஆனாலும் அம்மாவுக்கு அவர் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த வெள்ளி ரதம்தான்.

தைப்பூசத்தன்று அம்மாவைச் செட்டியார் கோயிலில் தேக்குத் தூணோரம் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் மலை ஏறினேன். பால்குடங்களுக்கும் காவடிகளுக்கும் வழிவிட்டு ஏறியதால் நேரம் போனதே தெரியவில்லை. 2012-இல் குடமுழுக்கு நடந்த கோயில், மேலே போனதும் ஊரும் கடலும் தெரிகின்றன. பால் அபிஷேகத்தைப் பார்த்துவிட்டு, காகிதத்தில் திருநீறு மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். அம்மா நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொண்டு, மீதியை அப்பாவுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ரயில் தைப்பிங்கைத் தாண்டிக்கொண்டிருந்தது. அன்று இரவுதான் ரதம் கோயில் வீட்டுக்குத் திரும்பும். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே அம்மா மணி கேட்டார். சொன்னேன்.

"சரி, இந்நேரம் மாடு பூட்டியிருப்பாங்க," என்றார்.