மலையிறங்கும் பிக்கப்புக்கு எந்த பிரேக் பேட், எந்த டிஸ்க்?

ஊட்டியில் கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். லோடோடு சேர்த்து 3 டன். உயரம் குறைவது ஏறத்தாழ 1,900 மீட்டர். இந்த இறக்கத்தில் வெளிவரும் ஆற்றல் 5.6 கோடி ஜூல். அதே வண்டி சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் வந்து முழுதாக நிற்பதற்கு 4.2 லட்சம் ஜூல் போதும். அதாவது 130 தடவைக்கு மேல் இடைவிடாமல் பிரேக் போட்டு நிறுத்தியதற்குச் சமமான சூடு ஒரே இறக்கத்தில் கிளம்புகிறது. இரண்டாவது கியரில் இறக்கினால் இதில் பெரும்பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க, முன்சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்குக்கும், அதை இருபுறமும் கவ்வும் பேடுக்கும், பின்சக்கரத்து டிரம்முக்கும்தான்.

அதனால் ஸ்பேர்ஸ் கடையில் "எந்த விலையில வேணும்?" என்று கேட்டால், முதலில் லோடையும் ரூட்டையும் சொல்லுங்கள். ஊருக்குள் தண்ணீர் கேன் போடும் வண்டியும் மலையிறங்கும் வண்டியும் ஒரே மாடலாக இருக்கலாம். ஒரே பேட் இரண்டுக்கும் பொருந்தாது.

ஆர்கானிக் பேட் சத்தம் போடாது, டிஸ்க்கை அரிக்காது. ஆனால் சூடு ஏறினால் பிடி விட்டுவிடும். செராமிக் பேட் தூசி குறைவு, சத்தமும் இல்லை, ஊருக்குள் ஓடும் காருக்கு அருமை. லோடோடு மலையிறங்கும் பிக்கப்புக்கு என் ஓட்டு உலோகத் தூளும் நாரும் கலந்த செமி மெட்டாலிக்குக்குத்தான். காலையில் முதல் இரண்டு பிரேக்கில் கொஞ்சம் கீச்சிடும், டிஸ்க்கும் சற்று வேகமாகத் தேயும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பேடின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பெயிண்டில் அச்சடித்த எண்களின் கடைசியில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து, சுமார் 90 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையிலான சாதாரண சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பது. இரண்டாவது, 340 டிகிரி வரை சூடேறினால் எவ்வளவு பிடிக்கும் என்பது. 'இ' என்றால் உராய்வுக் கெழு (பிடிமானத்தின் அளவு) 0.25-லிருந்து 0.35 வரை, 'எஃப்' 0.35-லிருந்து 0.45, 'ஜி' 0.45-லிருந்து 0.55. மலை வண்டிக்கு இரண்டாவது எழுத்துதான் முக்கியம். 'எஃப் இ' என்று இருந்தால் சூட்டில் பிடி குறைகிறது என்று பொருள், அது வேண்டாம். 'எஃப் எஃப்' நல்லது. இந்த எழுத்து சின்னத் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்த சோதனையின் முடிவு. பேட் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும், எவ்வளவு சத்தம் போடும் என்பதை அது சொல்லாது. எழுத்தே இல்லாத, பின்தகட்டில் கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் இல்லாத பேடை வாங்கவே வாங்காதீர்கள். பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்று வண்டிக் கம்பெனிகளுக்கே கொடுக்கிறவர்களின் பேட் நம்ம ஊரிலேயே கிடைக்கும்போது, சில நூறு ரூபாய்க்காக டூப்ளிகேட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

இனி டிஸ்க். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் லோடு வண்டியில் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது துளையைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். கம்பெனி அளவில், உள்ளே காற்றோட்டம் உள்ள சாதாரண வார்ப்பிரும்பு டிஸ்க்கே போதும். எடை முக்கியம்: ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்கில் ஒன்று கையில் லேசாக இருந்தால், அது சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இரும்பு குறைந்த டிஸ்க்.

பழைய டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாமா என்பதைக் கண்ணால் முடிவு செய்யக்கூடாது. டிஸ்க்கின் நடுவே மேடாக இருக்கும் தொப்பியிலோ விளிம்பிலோ 'மின் டிஎச்' (MIN TH) என்று ஓர் எண் வார்த்திருக்கும், அதுதான் குறைந்தபட்ச தடிமன். புது டிஸ்க்குக்கும் இந்த எல்லைக்கும் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். வெர்னியரை அப்படியே மாட்டி அளந்தால் ஏமாந்துபோவீர்கள். பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும், வெர்னியர் வாய் அதன்மேல் உட்கார்ந்து அதிக தடிமன் காட்டும். ஒரே மதிப்புள்ள இரண்டு நாணயங்களை எடுத்து, பேட் தேய்க்கும் பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, அதன்மேல் அளந்து நாணயங்களின் தடிமனைக் கழியுங்கள். மைக்ரோமீட்டர் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். லேத்தில் கடைந்த பிறகும் எல்லைக்கு மேல் இருக்கும் என்றால் மட்டும் கடையலாம். அரை மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை என்றால் புதுசே போடுங்கள். எதைப் போட்டாலும் இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான்.

சில வண்டிகளில் டிஸ்க்கைக் கழற்ற, சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பையும் பேரிங்கையும் சேர்த்து இறக்க வேண்டும். அந்த வேலையைப் பேட் மாற்றும்போதே முடித்துவிட்டால் கூலி ஒரு தடவையோடு போகும், பேரிங்குக்கும் புது கிரீஸ் வைத்துவிடலாம்.

"புது டிஸ்க் போட்டும் ஐயாயிரம் கிலோமீட்டரில் பெடல் துடிக்குது, டிஸ்க் வளைஞ்சுருச்சு" என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பெரும்பாலும் வளைந்திருக்காது. ஹப் முகத்தில் துரு இருக்க, அதைச் சுரண்டாமல் மேலேயே டிஸ்க்கை மாட்டியிருப்பார்கள். டிஸ்க் தலைமுடி அளவு சாய்ந்து சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசித் தேயும், தடிமன் இடத்துக்கு இடம் மாறும், பெடல் துடிக்கும். மாட்டுவதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் ஹப் முகத்தைப் பளிச்சென்று தேய்த்துவிட்டு, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. வீல் நட்டை ஏர் கன்னில் ஒரே மூச்சில் இறுக்குவதும் இதே கோளாறைத்தான் கொண்டுவரும். எதிரெதிராக, டார்க் ரெஞ்சில், புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

முன் பேட் மட்டும் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தால், பேடைக் குறை சொல்வதற்கு முன் வண்டிக்கு அடியில் குனியுங்கள். பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில், சேசிஸில் ஒரு வால்வும் அதிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் கம்பியும் இருக்கும். லோடு ஏறி சேசிஸ் தாழ்ந்தால் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் குறைக்கும். இப்போது கூடுதல் லோடு ஏற்றுவதற்காக ஸ்பிரிங் பட்டையில் ஒன்றிரண்டு சேர்த்துப் போட்டால் என்ன ஆகும்? முழு லோடு ஏற்றினாலும் சேசிஸ் தாழாது. வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் டிரம் சும்மா சுற்றும், முழு பாரமும் முன் பேட் மேல் விழும். கம்பி துருப்பிடித்து இறுகிப்போனாலும் இதே கதைதான். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த பேட் போட்டாலும் வீண்.

பேட் கழற்றும்போது பழசைத் தூக்கிப் போடாதீர்கள், அது நிறையச் சொல்லும். ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிபர் நகர்வதற்கான ஸ்லைடு பின் ஒன்று இறுகியிருக்கிறது. உள் பேட் மட்டும் தீர்ந்திருந்தால் பின்கள் நகரவில்லை, அல்லது பிஸ்டன் பின்வாங்கவில்லை. பின்னை உருவித் துடைத்து, ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். பேரிங் கிரீஸை வைத்தால் ரப்பர் ஊதி, பின் இன்னும் இறுகும். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவில் நிரம்பி வழியாதபடி கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், பெயிண்டில் பட்டால் அரித்துவிடும். தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம், மூச்சுக்கு ஆகாது. புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தபின்தான் பேட் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள்.

பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக, காலி ரோட்டில் 60-லிருந்து 15 வேகத்துக்கு நிதானமாகப் பத்துத் தடவை குறைக்கவும். நடுவே அரை நிமிடமாவது ஓடி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடியே நிற்கக்கூடாது, நின்ற இடத்தில் பேடின் தடம் பதிந்துவிடும். முதல் நாளே மலைக்கு அனுப்பாதீர்கள்.

செமி மெட்டாலிக் பேட் சூட்டைக் காலிபருக்கும் கடத்தும் என்பதால் பிரேக் ஆயிலும் புதுசாக இருக்க வேண்டும். டாட் 4 ஆயில் புதுசில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துக்கொண்டால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்காமல், கருகுகிற வாடை வந்தால் பேட் பிடி விட்டுவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போனால் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டிலும் கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, ஆறும்வரை காத்திருப்பதுதான் வழி. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

புது செட்டோடு முதல்முறை மலையிறங்கியதும் கீழே நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு அனலடிக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் காலிபர் விடவில்லை, அல்லது பிரேக் ஆயில் போகும் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. பின்சக்கரங்கள் சில்லென்று இருந்தால், அந்த வால்வுக் கம்பியை மறுபடி போய்ப் பாருங்கள்.