பனையேறித் தாத்தாவும் எட்டரை மணி வகுப்பும்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது இரவு எட்டு மணிக்குத்தான். வள்ளியூருக்கும் திசையன்விளைக்கும் இடைப்பட்ட ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மண், பனை, காற்றாலை. மாலையில் சிறப்பு வகுப்பு என்று அறிவித்தால் நான்கரை மணிக்கே பிள்ளைகளின் கண் கரும்பலகையை விட்டுச் சன்னலுக்குப் போய்விடும். 24 ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அந்தச் சன்னலோடு போட்டிபோட்டு ஒருநாளும் ஜெயித்ததில்லை.

2020இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து போனில் பாடம் நடத்தினேன். பதினோராம் வகுப்புப் பட்டியலில் 41 பேர். வகுப்புக்குள் வருபவர்கள் பதினேழு, பதினெட்டுப் பேர். முகம் கிடையாது, பெயரின் முதலெழுத்து மட்டும் வட்டத்துக்குள் தெரியும். “புரிகிறதா?” என்று கேட்டால் ஒரே ஒரு குரல் “புரிகிறது டீச்சர்” என்று வரும். தினமும் அதே குரல்தான். மற்றவர்கள் அவனைத் தங்கள் சார்பில் பதில் சொல்ல நியமித்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அக்டோபரில் ஒரு நாள் உராய்வு நடத்தினேன். 5 கிலோ மரக்கட்டையைச் சுவரோடு வைத்து 100 நியூட்டன் விசையால் அழுத்துகிறோம். உராய்வுக் குணகம் 0.6, கட்டை நழுவாமல் நிற்கிறது, உராய்வு விசை எவ்வளவு? வந்த விடைகள் எல்லாம் 60. குணகத்தை அழுத்தும் விசையால் பெருக்கிவிட்டார்கள். 60 என்பது சுவரால் தர முடிந்த உச்ச அளவு, கட்டையின் எடை 49 நியூட்டன்தான், ஆகவே உராய்வும் 49 என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் “புரிகிறது டீச்சர்” வந்தது. வகுப்பை முடித்தேன், போனை மேசையில் வைத்தேன், அடுப்பைப் பார்க்கப் போனேன். இணைப்பைத் துண்டிக்க மறந்துபோயிற்று.

திரும்பி வந்தபோது போனுக்குள் கூட்டம் கலகலவென்றிருந்தது. “டீச்சர் போய்விட்டார்களா?” என்று ஒருவன் கேட்டான். “போய்விட்டார்கள், போய்விட்டார்கள்” என்றாள் ஒருத்தி. பிறகு அவளே, “சரி, எதுவரைக்கும் புரிந்தது, சொல்லு” என்றாள். பதினேழு முதலெழுத்துகளுக்கும் வாய் முளைத்துவிட்டது. துண்டிக்கத்தான் போனேன், விரல் போகவில்லை. ஒட்டுக்கேட்பது தப்புத்தான். இருபது நிமிடம் கேட்டேன்.

அந்தப் பெண்ணின் தாத்தா பனையேறி. நான் வைத்த முதல் தேர்வில் அவள் எடுத்தது 50க்கு 11. அவள் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சில். இங்கே எழுத்துக்கு மாற்றித் தருகிறேன்.

“எங்கள் தாத்தா 60 கிலோ. அவரைக் கீழே இழுக்கிற விசை 588 நியூட்டன். காலில் தளைநார் மாட்டிக்கொண்டு பாதிப் பனையில் மூச்சு வாங்க நிற்கிறார். மரத்தை நன்றாக இறுக்கிப் பிடித்திருக்கிறார். அந்தப் பிடிக்கு மரம் 700 நியூட்டன் வரை உராய்வு கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள். 700-ஐயும் கொடுத்தால் என்ன ஆகும்?”

யாரும் பேசவில்லை.

“மேலே 700, கீழே 588. மிச்சம் 112. தாத்தா ஏறாமலே மேலே போய்விடுவார்.”

போனே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. “தாத்தாவை உயிரோடு விடு” என்றான் ஒருவன். அவளும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: “மரம் கேட்டதைத்தான் கொடுக்கும். கையில் இருப்பதை எல்லாம் எடுத்துக் கொடுக்காது. தாத்தா இன்னும் இறுக்கிப் பிடித்தால் 700 என்பது 900 ஆகும். ஆனால் அவருக்குக் கிடைப்பது அதே 588தான்.”

அதற்குப் பிறகு சுவரில் அழுத்திய மரக்கட்டைக்கு ஒருவன்கூட 60 என்று சொல்லவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா என்று மறுபடி போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

அவள் சொன்ன உதாரணம் எனக்குத் தெரியாததல்ல. பனங்காட்டுக்கு நடுவே அத்தனை ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்த 60 ஏன் வருகிறது என்பது எனக்கு மறந்துவிட்டது. எனக்கும் ஒரு காலத்தில் வந்திருக்கும். பாதை தேய்ந்துவிட்டால் கல் எங்கே கிடந்தது என்று கால் நினைவில் வைத்திருக்காது. அவளுக்குப் போன வாரம்தான் இடறியது, நகக்கண்ணில் இன்னும் வலி இருந்தது.

இது புதுச் சமாசாரமும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்தது வேறென்ன? வாத்தியார் வருவதற்கு முன்னே சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைத்தவன் அவன்தான். எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை 1789 முதல் நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் இல்லத்திலும் மூத்த பிள்ளைகளை வைத்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். அங்கே அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர். இயற்பியலிலேயே, ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் வகுப்பின் நடுவே ஒரு கேள்வியைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடி விடை கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். எல்லாம் பி.எட். நோட்டில் நானே எழுதி மதிப்பெண் வாங்கியவைதான். நோட்டில் இருந்தது காதில் விழ ஒரு போனை அணைக்க மறக்க வேண்டியிருந்தது.

மறுவாரமே அவளிடம், “உன் வகுப்பை நானே வைத்துக்கொடுக்கிறேன்” என்றேன். ஒட்டுக்கேட்டதையும் சொன்னேன். முகம் சிவந்துபோயிருக்கும், தெரியவில்லை. வட்டத்துக்குள் முதலெழுத்து மட்டும் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி இரவு எட்டரை முதல் ஒன்பதேகால் வரை என்று வைத்தோம். எட்டரை என்பது நாங்களாகத் தேர்ந்த நேரம் இல்லை. பல வீடுகளில் ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு அப்பாவோடுதான் திரும்பும். பள்ளி திறந்த பிறகும் இதை விடவில்லை. பஸ் பிரச்சினை கொரோனாவோடு வந்ததில்லையே. பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏறியவர்கள் பதினோராம் வகுப்புக்கும், பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. சேர்ந்த பழைய மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சொல்லித்தருவார்கள். நான் ஒலியை அடைத்துக்கொண்டு ஓரத்தில் இருப்பேன்.

சொல்லித்தர யாரைப் போடுவது என்பதில் முதலில் பிசகினேன். வகுப்பில் முதலாவதாக வருகிறவனைப் போட்டேன். அவன் விடையை அழகாக வாசித்தான். யாராவது குறுக்கே கேட்டால் “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்பான். அவனுக்கு இடறியதே இல்லை, பாவம். இரண்டு வாரத்தில் அவனே விலகிக்கொண்டான், இரு தரப்புக்கும் நிம்மதி. அதன் பிறகு ஒவ்வொரு பாடத்திலும் ஒருமுறை மண்ணைக் கவ்வி எழுந்தவர்களாகப் பார்த்துப் பிடித்தேன். மின்னோட்டவியலில் ஒருத்தி, அலைகளில் ஒருவன். அவனவன் விழுந்த இடமே அவனவன் பாடம்.

கேமராவெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதையும் தம்பி விளையாடித் தீர்த்திருப்பான். சொல்லித்தருபவர் மட்டும் கேமராவைப் போடுவார். இரண்டு சம்புடங்களைக் கவிழ்த்து, மேலே இரண்டு ஸ்கேல்களைக் குறுக்கே போட்டு, அதன்மேல் போனைக் குப்புறப் படுக்கவைத்தால் கேமரா கீழே இருக்கும் நோட்டைப் பார்க்கும். என் மாணவி ஒருத்தியின் கண்டுபிடிப்பு இது. சாப்பாட்டு நேரத்தில் அம்மா வந்து சம்புடத்தைக் கேட்டால் விசைப்படம் பாதியில் நின்றுபோகும். ஆனி, ஆடிக் காற்றில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும். காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், எங்களுக்கு வகுப்பு ரத்து.

பெற்றோரைச் சமாளித்ததுதான் பெரிய வேலை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பெண்பிள்ளை போனில் பையன்களோடு பேசுகிறது என்றால் எந்த வீட்டில் சும்மா இருப்பார்கள்? ஒரு தகப்பனார் நேரே பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் வாதாடவில்லை. “பட்டாசலில் எல்லாரும் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கட்டும், நீங்களும் கேளுங்கள்” என்றேன். அவருக்கு நான்கு ஏக்கரில் வாழை, கிணற்றில் மோட்டார். பத்துப் பதினைந்து நாள் பேசாமல் கேட்டவர், ஒரு வெள்ளிக்கிழமை மகளைவிட்டுக் கேள்வி போட்டார்: மோட்டாரைப் போடும்போது பம்ப் ஷெட் பல்பு ஏன் ஒரு நொடி மங்கிவிட்டு எழும்புகிறது?

அன்று சொல்லித்தந்தவள் அந்தப் பனையேறி வீட்டுப் பேத்தி. “தெரியவில்லை மாமா. கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன்” என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. நானாக இருந்தால் மின்காந்தத் தூண்டலில் ஆரம்பித்து ஐந்து நிமிடம் சுற்றி வளைத்திருப்பேன். ‘தெரியவில்லை’ என்ற வார்த்தை என் வாயிலிருந்து வகுப்பில் வந்ததாக நினைவில்லை. திங்கட்கிழமை அவள் சொன்னாள்: நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; அவ்வளவும் ஒரே கம்பி வழியே வருவதால் கம்பியிலேயே மின்னழுத்தம் கூடுதலாகச் செலவாகிவிடும், பல்புக்குக் குறைவாகத்தான் மிஞ்சும்; மோட்டார் வேகம் பிடித்ததும் இழுப்பு குறையும், பல்பு எழும்பும். “கம்பி நீளமா மாமா?” என்று கேட்டாள். நீளம்தான், வாழைத் தோட்டத்தின் மறுகோடி. அதன் பிறகு அந்த வீட்டில் ஒன்பதேகால் வரை டிவி கிடையாது என்று கேள்விப்பட்டேன்.

எல்லாம் இப்படியே நடந்துவிடவில்லை. கல்லூரி முதலாண்டுப் பையன் ஒருவன் ஒளியியல் எடுத்தான். நல்ல குரல், நல்ல பொறுமை. எந்தத் தூரத்துக்குக் கூட்டல் குறி, எதற்குக் கழித்தல் குறி என்ற குறியீட்டு மரபைப் பார்த்துப் பிள்ளைகள் மிரளுகிறார்களே என்று ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருக்கிறான்: பொருளின் தூரத்துக்கு மட்டும் கழித்தல் குறி போடு, மற்றதைப் பற்றிக் கவலைப்படாதே. அன்று எனக்குக் காய்ச்சல், நான் கேட்கவில்லை. அடுத்த வாரத் தேர்வில் 20 செ.மீ. குவியத் தூரமுள்ள குழிலென்சுக்கு முன்னால் 30 செ.மீ. தூரத்தில் பொருளை வைத்தேன். பதினோரு தாளில் பிம்பம் லென்சுக்கு அந்தப் பக்கம் 60 செ.மீ. தூரத்தில் விழுந்திருந்தது. குழிலென்சின் குவியத் தூரத்துக்கும் கழித்தல் குறி உண்டு. போட்டிருந்தால் 12 செ.மீ., அதுவும் பொருள் இருக்கும் பக்கமே. ஆசிரியர் ஒருவர் தப்பாகச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அண்ணன் சொன்னான் என்றால் பதினோரு பேரும் அச்சாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த முறையில் நான் இன்றைக்கும் பயப்படுவது இதற்குத்தான்.

அவனைக் கூப்பிட்டுத் தாள்களைக் காட்டினேன். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் அவனே, “போன வாரம் நான் சொன்னது தப்பு” என்று தொடங்கினான். ஆச்சியின் வெள்ளெழுத்துக் கண்ணாடியையும் தன்னுடைய கிட்டப்பார்வைக் கண்ணாடியையும் எடுத்துவரச் சொல்லித் தங்கையைக் கூப்பிட்டான். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் எரிந்த டியூப்லைட்டுக்கு நேராக ஆச்சியின் கண்ணாடியை இந்தப் பக்கச் சுவரோரம் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினான். அரை மீட்டருக்குச் சற்று மேலே வந்தபோது சுவரில் குட்டியாக ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. “தலைகீழாக இருக்கும், டியூப்லைட்டுக்குத் தலை எது வால் எது என்று என்னைக் கேட்காதீர்கள்” என்றான். பிறகு தன் கண்ணாடியைப் பிடித்தான், அது குழிலென்சு. எங்கே நகர்த்தினாலும் சுவரில் ஒன்றும் விழவில்லை. “இதற்குத்தான் நீங்கள் 60 செ.மீ. போட்டீர்கள். 60 செ.மீ. எங்கே இருக்கிறது, தேடுங்கள்.” கண்ணாடி இல்லாமல் அவனுக்கே சுவர் சரியாகத் தெரிந்திருக்காது. தங்கைதான் பக்கத்தில் நின்று “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மின்னோட்டவியல் எடுத்த பெண்ணின் அம்மாவிடம் மட்டும் எனக்கு இன்னும் சரியான பதில் இல்லை. “எங்கள் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு. அது அடுத்த பிள்ளைகளுக்கு உட்கார்ந்து கதறுகிறது” என்றார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழியை எடுத்தேன். “அது பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொன்னது டீச்சர்” என்று பட்டென்று வெட்டிவிட்டார். வாயடைத்துப் போனேன். சொல்லித்தருபவர்களுக்குப் பாடம் ஆழமாகப் பதிகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேதியியல் படிக்கும் முக்கால் மணி நேரம் போகிறது என்பதும் உண்மை. டிசம்பருக்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்பாரை விடுவித்துவிட்டுக் கல்லூரிப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அவர்களுக்குச் செமஸ்டர் வந்தால் வகுப்பு தள்ளாடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழைக்குப் பிறகு பல நாள் வகுப்பே இல்லை. செல்போன் கோபுரம் திரும்பி வந்த அன்று யாரும் பாடம் கேட்கவில்லை, யார் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒன்பதேகால் ஆனதும் வழக்கம்போல முடித்துக்கொண்டார்கள்.

பனையேறித் தாத்தாவின் பேத்தி இப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். எட்டரை மணி வகுப்பில் அவள் இல்லை. போன மாதம் உராய்வு எடுத்தவன் வேறொரு பையன். அவன் அப்பா பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கிறார், அவர் அப்பாவும் அதே கடையில்தான் இருந்தார். பையன் சுவரில் அழுத்திய மரக்கட்டையை வரைந்தான், எல்லாரும் 60 என்று சொல்லும்வரை காத்திருந்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்கள் தாத்தா 60 கிலோ. காலில் தளைநார் மாட்டிக்கொண்டு பாதிப் பனையில் நிற்கிறார்” என்று ஆரம்பித்தான். நான் ஒலியைத் திறக்கவில்லை.