கூட்டு ஆய்வில் சேரும் தம்பி தங்கைகளுக்கு: 'பொருள்' எது என்று முதலில் பேசுங்கள்

முதுகலையின் கடைசி ஆண்டில் நான் பொருள்களின் இணையம் (ஐஓடி) பற்றிய ஒரு கூட்டு ஆய்வில் இருந்தேன். மொரீஷியஸில் மூன்று பேர், டர்பனில் இரண்டு பேர், சென்னையில் ஒருவர். மழைமானிகளை இணையத்தோடு இணைத்து, வடிகாலில் தண்ணீர் ஏறும் முன்பே எச்சரிக்கும் அமைப்புக்குக் கட்டமைப்பு வகுப்பதுதான் வேலை. 2013 மார்ச் 30 அன்று மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில் வந்த திடீர் வெள்ளம் 11 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த நாளைப் பற்றி வீட்டில் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால் இந்த ஆய்வை மனதுக்கு நெருக்கமாக வைத்திருந்தேன்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் வேகமாக நடந்தது. மொரீஷியஸின் வாக்குவா ஊரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மானி. புனலுக்குக் கீழே ஏற்ற இறக்கப் பலகை (சீசா) மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள், 0.2 மி.மீ. மழைக்கு ஒன்று நிறைந்து 'டக்'கென்று சாயும், காந்தம் சுவிட்சைத் தட்டும். சுவிட்ச் அதிர்வதால் ஒரு சாய்வு மூன்றாகப் பதிவாகும். ஊசிக்குழாயில் தண்ணீரை அளந்து சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். ஒரு சாய்வுக்குப் பின் சில மில்லிவினாடி வரும் துடிப்புகளை எண்ணாமல் விட்டால் சரியாகிவிடும். நீங்களும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், திரையில் வரும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

பெரிய சிக்கல் ஜனவரியில் வந்தது. புயல் காற்றில் மானி உடைந்தது, புதியதை மாட்டினோம். மறுநாள் டர்பனிலிருந்து, "அக்கா, உங்கள் நிலையமே காணோமே, புதிதாக ஒன்று முளைத்திருக்கிறதே?" என்று கேட்டார்கள். மானியின் வரிசை எண்ணையே இடத்தின் அடையாளமாக வைத்திருந்தோம். எண் மாறியதும் பழைய மழைக் கணக்கு அநாதையாகிவிட்டது. அதை ஒட்டவைக்க ஆறு வாரம் போனது.

அப்போதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2010 முதல் 2013 வரை நடந்த ஐஓடி-ஏ என்ற பொருள்களின் இணைய ஆய்வுத் திட்டத்தின் மாதிரிக் கட்டமைப்பை ஒழுங்காகப் படித்தேன். அதில் நாம் அக்கறை கொள்ளும் நிஜப் பொருள் வேறு, கணினியில் இருக்கும் அதன் மின்வடிவம் வேறு, அளக்கும் கருவி வேறு. எங்களுக்குப் பொருள் என்பது அந்த வடிகால். மானி வெறும் கருவி. இன்று இருக்கும், நாளை மாறும். இந்த ஒன்று பிடிபட்டதும் தரவுத்தளத்தை வடிகாலின் பெயரில் திருத்தி எழுதினோம். எந்தத் தேதியிலிருந்து எந்த மானி என்பது தனி அட்டவணைக்குப் போனது. முதல் கூட்டத்திலேயே ஆளுக்கொரு தாளில் 'நம் பொருள் எது?' என்று எழுதிப் பாருங்கள். ஆறு விடை வந்தால் அன்று வேறு எதுவும் பேசாதீர்கள்.

நேரமும் அப்படித்தான். மானி எங்கள் உள்ளூர் நேரத்தை அனுப்பியது. டர்பன் அதை உலக நேரம் (யுடிசி) என்று எடுத்துக்கொண்டு, தங்கள் நேரத்துக்கு மாற்ற 2 மணி கூட்டியது. இங்கே மூன்று மணிக்குப் பெய்த மழை அங்கே ஐந்து மணி மழை. அப்போது அவர்கள் கடிகாரத்தில் ஒரு மணிதான். உலக நேரத்திலேயே அனுப்புங்கள், காட்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

மானிகள் செய்தி அனுப்பியது லோராவான் என்ற, குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்கு எட்டும் கம்பியில்லா வலையமைப்பில். அதில் மிக மெதுவான வேகத்தில் ஒரு செய்திக்கு 51 பைட்தான் இடம். அதனால் ஒவ்வொரு மதிப்புக்கும் பெயரை எழுத்தாக எழுதி இடத்தை அடைக்கும் ஜேசன் வடிவத்தை விட்டுவிட்டு 12 பைட்டில் அடக்கினோம். எந்த பைட் எதைக் குறிக்கிறது என்ற ஒரு பக்கக் குறிப்புதான் மூன்று ஊருக்கும் பொது ஒப்பந்தம்.

முன்னேற்ற அறிக்கையில் 'முடிந்தது' என்று எழுத நாங்கள் ஒரு விதி வைத்தோம்: வேறு ஊர்க்காரர் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அறிக்கை மெலிந்தது, ஆனால் கடைசி மாதத்தில் அதிர்ச்சி எதுவும் வரவில்லை.

வாய்மொழித் தேர்வில், "நாளைக்கு ஒரு மானி திருடு போனால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்டார்கள். அங்கேயே ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டி, அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன். திரையில் வடிகாலின் கோடு அறுபடாமல் ஓடியது.