ஐஎன்ஜி மறைத்த முக்கோணம்

சென்ற வாரம் ஓர் எழுத்துப் புதிரில் ஏ, ஈ, ஜி, ஐ, எல், என், ஆர், டீ என்ற எட்டு ஆங்கில எழுத்துகள் கிடைத்தன. (டேபிளில் வருவதை டீ என்றும் டோரில் வருவதை டி என்றும் இங்கே எழுதுகிறேன், தமிழில் இரண்டும் ஒன்றாகிவிடுவது இந்த விளையாட்டில் பெரிய தொல்லை.) எட்டையும் ஒவ்வொரு முறை பயன்படுத்திச் சொல் அமைக்க வேண்டும். பழக்கத்தில் ஐ, என், ஜி மூன்றையும் தனியே எடுத்துவைத்தேன். மிஞ்சிய ஐந்தில் அலர்ட் தெரிந்தது, ஆகவே அலர்டிங். அதே ஐந்தை மாற்றி அடுக்கினால் ஆல்டர், ஆகவே ஆல்டரிங். ரிலேட் தன் கடைசி ஈயை விட்டுவிட்டு ரிலேட்டிங் ஆயிற்று. மூன்று கிடைத்த மகிழ்ச்சியில் விடையைப் பார்த்தால், ட்ரையாங்கிளும் இன்டெக்ரலும் அங்கே இருந்தன. கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கணக்காகப் பார்த்த இரண்டு சொற்களும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்த வழி புதிதன்று. ஆங்கிலத்தின் நீண்ட சொற்களில் பெரும்பாலானவை ஒரு சிறு பகுதியின் முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து வளர்ந்தவை என்பதால், ஐஎன்ஜி, டீஐஓஎன், ஏபிஎல்ஈ போன்ற விகுதிகளை முதலில் கழற்றி வைத்தால் மீதமுள்ள நான்கைந்து எழுத்துகளே தேடலுக்கு மிஞ்சும். ஆனால் விகுதியாகக் கட்டிவைத்த எழுத்துகளை மனம் மறுபடி அவிழ்ப்பதில்லை என்பதுதான் சிக்கல். ட்ரையாங்கிளில் ஐக்கும் என்னுக்கும் நடுவே ஏ புகுந்திருக்கிறது; இன்டெக்ரலில் ஐயும் என்னும் சொல்லின் தலைக்கே போய்விடுகின்றன. ஆகையால் இப்போதெல்லாம் இரண்டாம் சுற்றில், கண்டுபிடித்த விகுதியை வேண்டுமென்றே உடைத்துவிட்டு, சொல் ஏஎல் என்றோ எல்ஈ என்றோ முடியுமா என்று பார்க்கிறேன்.

இந்த இரண்டாம் சுற்றுக்கு நேரம் கொடுக்காத ஆட்டமும் உண்டு. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 1965இல் ‘மிக நீண்ட சொல்’ என்ற பொருள்படும் பெயரோடு தொடங்கிய ஒரு போட்டியின் வழிவந்தது பிரிட்டனின் கவுன்ட்டவுன். 1982 நவம்பர் 2 அன்று சேனல் ஃபோர் தொடங்கியபோது அதன் முதல் நிகழ்ச்சியே இதுதான். ஒன்பது எழுத்துகள், முப்பது வினாடிகள். ஒன்பதையும் பயன்படுத்திவிட்டால் 18 மதிப்பெண். முப்பது வினாடியில் விகுதியைக் கட்டவும் அவிழ்க்கவும் என்னால் ஆகாது.

கணினிக்கு இந்த மறைப்பு கிடையாது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி, அதையே அந்தச் சொல்லின் அடையாளமாக வைத்துக்கொண்டால், மேலே சொன்ன ஐந்து சொற்களும் ஒரே அடையாளத்தின் கீழ் வந்து நிற்கும். எஜுகேஷன் என்ற சொல்லை இப்படி அடுக்கிப் பார்த்தால் அதனோடு காஷன்டும் ஆக்ஷன்டும் சேர்ந்து வருகின்றன. கல்வி, எச்சரிக்கப்பட்டது, ஏலம் விடப்பட்டது என்ற இந்த மூன்றும் ஒரே ஒன்பது எழுத்துகளால் ஆனவை என்பதை இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆசைப்பட்டுத் தமிழ்ச் சொற்களுக்கும் இதே நிரலை ஓட்டினேன். கணினி உயிர்மெய்யை எழுத்தும் குறியுமாகப் பிரித்தே வைத்திருப்பதால், மெய்கள் முன்னே போக, கால்களும் கொம்புகளும் புள்ளிகளும் தனித்தனியே கழன்று வரிசையின் கடைசியில் குவிந்தன.

கொடுத்த எழுத்துகள் கட்டாயம் இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் இருக்கலாம் என்ற வகைப் புதிருக்கு இந்த அடையாளம் உதவாது, ஏனென்றால் இடையே புகும் எழுத்துகள் வரிசையைக் கலைத்துவிடும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் ஒவ்வொரு பிட் (விளக்கைப் போல எரியும் அல்லது அணையும் கணினிக் குறி) ஒதுக்கி, வேண்டிய பிட்டுகள் எல்லாம் சொல்லில் எரிகின்றனவா என்று சொல் சொல்லாகச் சோதிக்க வேண்டும். எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டின் ஏறக்குறைய 2.8 லட்சம் சொற்கள் கொண்ட பட்டியலை என் பழைய மடிக்கணினியே ஒரு வினாடிக்குள் சலித்துவிடுகிறது. எழுத்து இருக்கிறதா என்பதை மட்டுமே பிட் சொல்லும் என்பதால், ஒரே எழுத்து இரண்டு முறை வேண்டுமென்றால் தனியே எண்ண வேண்டும். முதலில் நான் தடுக்கி விழுந்தது அங்கேதான்.

கையால் தேடுபவர்கள் அரிய எழுத்திலிருந்து தொடங்குவது நல்லது. 1930களில் ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே மதிப்பெண்ணையும் வில்லைகளின் எண்ணிக்கையையும் வைத்தார். அதனால்தான் ஈக்குப் பன்னிரண்டு வில்லைகளும் கியூவுக்கு ஒரே ஒரு வில்லையும் இருக்கின்றன. ஜேயும் கியூவும் சேர்ந்து வரும் சொல் வேண்டும் என்று கேட்டால் நூலகத்தையே புரட்ட வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துத் தறிகளில் ஏறியிருக்கும் ஜக்கார்டில் இரண்டும் இருக்கின்றன, எட்டு எழுத்து. அதைவிட நீளமாக வேண்டுமென்றால் குன்றிமணியின் ஆங்கிலப் பெயரான ஜெக்விரிட்டி இருக்கிறது, ஒன்பது எழுத்து.

ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் முறை பிறழாமல் வரும் சொற்களில் ஒன்பது எழுத்துள்ள ஃபசீஷஸும் பத்து எழுத்துள்ள அப்ஸ்டீமியஸும் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஐந்தும் யூ, ஓ, ஐ, ஈ, ஏ என்று தலைகீழாக வரும் சொல்லைத் தேடி நிரலை ஓட்டியபோது வந்தவற்றுள் ஒன்று சப்கான்டினென்டல், 14 எழுத்து. கிரிக்கெட் பக்கங்களில் ஆடுகளங்களைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் பயன்படுத்தும் அந்தச் சொல்லையும் நான் ட்ரையாங்கிளைப் போலவே இத்தனை நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.