ஒன்பது மாதக் கணக்கு

நேற்று இரவு நானும் மனைவியும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். சேலத்தில் இப்போது பார்க்கும் வேலையில் கைக்கு 38 ஆயிரம் வருகிறது, அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள். 27 ஆயிரம், காப்பீடு கிடையாது.

பி.எஃப். பணம் எங்கும் போகாது, புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கிராஜுவிட்டிதான் இடிக்கிறது; 5 வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது கிடைக்கும் பணிக்கொடை அது. 5 வருடம் முடிய எனக்கு இன்னும் 9 மாதம். அடிப்படைச் சம்பளம் 18 ஆயிரத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 வருடத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 52 ஆயிரம். எங்களுக்கு அது பெரிய பணம்.

ஆனால் போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையனை, ஒரு சின்னத் தப்புக்காக எல்லோர் முன்னாலும் மேலாளர் திட்டித் தீர்த்தார். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

ஏற்காட்டுக்குப் பேசப் போன அன்று, அங்கே கணக்குப் பார்க்கும் பெரியவர் ஒரு பதிவைக் காட்டி, "இதை நான்தான் விட்டுட்டேன் சார்" என்றார். "சரி, நாளைக்குத் திருத்திடலாம்" என்றார் மேலாளர். அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு பேச்சை இந்த நாலேகால் வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

"ஒன்பது மாசம் உங்களால தாங்க முடியுமா, அதை மட்டும் சொல்லுங்க" என்கிறாள் மனைவி. இன்னும் பதில் சொல்லவில்லை.

சேலம் அஸ்தம்பட்டி பக்கமிருந்து தினமும் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வேலைக்குப் போய்வருகிறவர்கள், வயதானவர்களுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.