ஓபிடோஸ் கல்யாணத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு

வருகிற செப்டம்பரில் என் அக்கா மகனின் திருமணம் போர்ச்சுகல் நாட்டில், லிஸ்பனிலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓபிடோஸ் என்ற மதில் சூழ்ந்த பழைய ஊருக்கு வெளியே, ஒரு பண்ணை வீட்டில் நடக்கவிருக்கிறது. சேலத்திலிருந்து பதினாறு பேர் போகிறோம். பெண் வீட்டாரைப் பார்ப்பதற்காகச் சென்ற ஆண்டு அக்காவுடன் நானும் போய் ஐந்து நாள் தங்கியிருந்தேன் என்பதால், "நீதான் சுத்திப் பாத்துட்டு வந்தவளாச்சே, எங்க போறது, என்ன பாக்கறதுன்னு எல்லாருக்கும் எழுதிக் குடுத்துரு" என்று அக்கா அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். வாட்ஸப் குழுவில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பழகிய நமக்கு முதலில் விளங்க வேண்டியது, இந்தத் திருமணம் மாலை நான்கு மணிக்குத்தான் தொடங்குகிறது என்பது. அதற்கு முந்தைய மூன்று நாட்களும் நம் கையில் இருக்கின்றன. இடையில் பாரிஸுக்கு ஓடிவிட்டு வந்துவிடலாமா என்று இப்போதே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். ஓபிடோஸையும் அதைச் சுற்றியுள்ள மூன்று ஊர்களையும் நிதானமாகப் பார்க்கவே அந்த நாட்கள் சரியாக இருக்கும். களைத்த முகத்தோடு மணப்பந்தலில் வந்து உட்காருவதைச் சம்பந்தி வீட்டாரும் விரும்ப மாட்டார்கள்.

கல்யாணத்துக்கென்றே அமைந்த ஊர் அது. 1282இல் தினிஷ் என்னும் அரசர், தாம் மணந்த அரகோன் நாட்டு இளவரசி இசபெலுக்கு இந்த ஊரையே திருமணப் பரிசாகக் கொடுத்தார். அதன்பிறகு வந்த அரசிகளுக்கும் ஊர் அப்படியே கைமாறிவந்ததால், அரசியரின் ஊர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு ஓர் ஊரையே பரிசமாகப் போட்ட கதையை நான் சொன்னபோது, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த என் பெரியம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். அதன் மேலேயே நடக்கலாம். ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகளும் ஓட்டுக் கூரைகளும், மறுபக்கம் திராட்சைத் தோட்டங்களும் தெரிய, அந்த நடைக்காகவே இன்னொரு முறை போகலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பாதை குறுகலானது. ஊரைப் பார்த்த உட்புறத்தில் பெரும்பாலான இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. சங்ககிரிக் கோட்டையின் உச்சிவரை ஏறியவர்கள் தாராளமாக நடக்கலாம். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கண்ணை மூடிக்கொண்டு வருகிற சின்ன மாமா கீழே தெருவில் நிற்பதே நல்லது. செப்டம்பரில் அங்கே கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் ஓடும். இங்கே ஐந்து மணிக்கு எழுகிறவர்களுக்கு முதல் நாள் நள்ளிரவு பன்னிரண்டரைக்கே விழிப்பு வந்துவிடும் என்பதால், எப்படியும் தூங்காத அந்தக் காலைப்பொழுதை மதிலுக்கு ஒதுக்குங்கள். லிஸ்பனிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கிவிட்டால், பிரதான தெருவில் நம்முடைய முதல் அக்ரஹாரத்துத் தீபாவளி நெரிசல்தான்.

ஊர் நடுவே புனித மரியா ஆலயம் இருக்கிறது. உட்சுவர்கள் முழுவதும் பதினேழாம் நூற்றாண்டின் நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்தவை. 1441இல் ஐந்தாம் அஃபோன்சோ அரசருக்கும் அவருடைய சிற்றப்பா மகள் இசபெலுக்கும் இங்கேதான் திருமணம் நடந்தது. அப்போது இருவருக்குமே பத்து வயது நிரம்பியிருக்கவில்லை. அவசரப்படாமல் வலப்பக்கம் உள்ள புனித கத்தரீனாள் பீடத்தின் முன்னால் நின்று பாருங்கள். 1661இல் அந்த ஓவியங்களை வரைந்தவர் ஜோசெஃபா என்ற பெண். ஒரு பெண் தூரிகையால் பிழைத்துப் பெயரெடுப்பது அரிதாக இருந்த காலத்தில், இந்தச் சிற்றூரில் இருந்துகொண்டே பழங்களையும் பலகாரங்களையும் வாயூற வரைந்து, 1684இல் இங்கேயே இறந்தார். சற்று மேலே சாந்தியாகோ ஆலயம் இப்போது புத்தகக் கடையாக இருக்கிறது. பீடத்தின் அருகிலேயே அலமாரிகள். வீதியெங்கும் சிறு சாக்லேட் கிண்ணங்களில் ஊற்றித் தரப்படும் ஜின்ஜா என்பது ஒருவகைப் புளிப்புச் செர்ரியில் செய்த மது. வெறும் பழரசம் என்று நினைத்துக் குடித்ததாக வீட்டில் வந்து யாரும் சொல்ல வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதிவைக்கிறேன்.

ஆறு கிலோமீட்டர் தொலைவில் கால்தாஷ் த ரைஞ்ஞா இருக்கிறது. பெயருக்கு அரசியின் வெந்நீர் ஊற்று என்று பொருள். கந்தக நாற்றமடித்த வெந்நீரில் ஏழைகள் நோய் தீரக் குளிப்பதைக் கண்ட லியோனோர் அரசி 1485இல் அங்கே மருத்துவமனை கட்டத் தொடங்கினார், ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. காலையில் திறந்தவெளிச் சதுக்கத்தில் கூடும் பழச்சந்தை, சூரமங்கலம் உழவர் சந்தையை விட்டுப் பிரிந்து வருந்துகிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அந்த வட்டாரத்து ரோஷா பேரிக்காய் ஆகஸ்டில் அறுவடையாவதால் நாம் போகும்போது புதிதாகக் கிடைக்கும். முட்டைக்கோஸ் இலை வடிவப் பச்சைப் பீங்கான் கிண்ணங்களும் இந்த ஊர்ச் சரக்குதான். பெட்டியின் எடையை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

வண்டி வைத்து ஒரு முழு நாள் போவதென்றால் அல்கோபாசா மடத்துக்குப் போகலாம். 1153இல் நிறுவப்பட்ட அந்த மடத்தின் சமையற்கட்டுக்குள்ளேயே ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால் வந்து பாய்வதை நம் வீட்டுப் பெண்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆலயத்தில் பெட்ரோ அரசரும் அவர் காதலித்த இனேஷும் எதிரெதிராக, பாதத்தைப் பாதம் நோக்கக் கிடத்தப்பட்டிருக்கிறார்கள். மகனின் காதலைப் பொறுக்காத தந்தை 1355இல் இனேஷைக் கொல்லச் செய்தார். பெட்ரோ அரியணை ஏறியபின், தாம் அவளை இரகசியமாக மணந்திருந்ததாக அறிவித்து, அவளுக்கு ஓர் அரசிக்குரிய கல்லறையை எழுப்பினார். இறுதி நாளில் எழும்போது முதலில் காண்பது ஒருவர் முகத்தை ஒருவராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அமைப்பு என்று அங்கே சொல்கிறார்கள். திரும்பும் வழியில் நசரே கடற்கரை. அதன் பெயர்பெற்ற பேரலைகள் குளிர்காலத்துக்குரியவை. செப்டம்பரில் மணலும் மீன் வாசமும் போதும்.

கைப்பையில் எடுத்துவர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தியம்மாவுக்குச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசை அக்கா வாங்கிவிட்டாள். மற்றவர்கள் ஜவ்வரிசி வடாம் கொண்டுவாருங்கள். மரவள்ளியை நம் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர் என்பதால், அது பொருத்தமான பதில் மரியாதைதான். சென்ற முறை வடாம் பொரிக்கச் சட்டி தேடிய நேரத்தில், எங்கள் ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை என்பது தெரிந்து, மணப்பெண்ணின் பாட்டி வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார், எண்ணெய் புகைந்துவிட்டது.

செருப்பு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். தெருக்கள் எல்லாம் உருளைக்கல் பாவியவை, நூற்றாண்டுகளாக நடந்து வழவழத்தவை. குதிகால் உயர்ந்த செருப்பைக் கல்யாண மண்டபத்தில் மாற்றிக்கொள்ளலாம். பட்டுப்புடவையை அரையடி தூக்கிக் கட்டிக்கொண்டு தட்டைச் செருப்பிலேயே வாருங்கள்.