குத்தாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச்: வாங்கும் முன்

"ஊசியே வேண்டாம், கையில் கட்டினாலே சர்க்கரை தெரியும்" என்று வரும் வாட்ச் விளம்பரத்தை நம்பி இன்சுலின் அளவை மாத்திடாதீங்க. இந்த வகை வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

தோலுக்குள் ஒளியை அனுப்பிச் சர்க்கரையை அளக்கப் பார்த்தால், அந்த ஒளியில் பெரும்பகுதியை உடம்பிலுள்ள தண்ணீரே உறிஞ்சிக்கும். குளுக்கோஸின், அதாவது ரத்தச் சர்க்கரையின், தடம் ரொம்பச் சன்னம். வியர்வை, தோல் சூடு, பட்டையின் இறுக்கம், எது மாறினாலும் அந்தத் தடம் மூழ்கிப்போகும்.

மேல்கையில் ஒட்டும் சென்சார் வேறுங்க. அதன் மெல்லிய இழை சுமார் 5 மி.மீ. தோலுக்குள் இறங்கி, செல்களுக்கு இடையே உள்ள நீரில் அளக்கிறது. ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

உடம்பு நடுங்குது, வியர்க்குது, ஆனால் சென்சார் காட்டும் எண் மட்டும் சரியாக இருக்குதா? விரலில் குத்திப் பாருங்க. முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைக்கணும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை அள்ளின விரலென்றால் அளவு எகிறிக் காட்டும். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் குத்திப் பாருங்க.